எந்தத் தண்ணியில கழுவுறது?

"காயத்துல தண்ணி படக்கூடாது. பட்டா சீழ் பிடிச்சிரும்."

தேயிலைத் தோட்டத்தில் பிறந்து வளர்ந்த யாருக்கும் இதை நான் சொல்லித் தெரிய வேண்டியதில்லை. கவ்வாத்துக் கத்தி (தேயிலைச் செடியைக் கத்தரிக்கிற கத்தி) காலில் பட்டாலும் சரி, பிள்ளை லயத்து (வரிசை வீட்டு) வாசற்படியில் விழுந்து முட்டியை உரித்துக்கொண்டாலும் சரி, கை முதலில் போவது தேயிலைத் தூள் டப்பாவுக்குத்தான். சில வீட்டில் கோப்பித் தூள், சில வீட்டில் மஞ்சள், பழைய ஆட்கள் இருந்தால் சுண்ணாம்பு. அதை அப்பி, பழைய சேலையைக் கிழித்து இறுக்கிக் கட்டி, ரோட்டுக்கு இறங்கி, ஆட்டோ பிடித்து எங்களிடம் வந்து சேரும்போது இரத்தம் நின்றிருக்கும். "தூளு நிப்பாட்டிருச்சு மிஸ்" என்பார்கள். நிப்பாட்டியது பெரும்பாலும் அந்த இறுக்கிய கட்டுதான். ஆனால் பெயர் வாங்குவது தூள்.

நான் இலங்கை மலையகத்து ஆஸ்பத்திரி ஒன்றின் அவசர சிகிச்சைப் பிரிவில் தாதியாக வேலை செய்கிறேன். அந்தக் கட்டைப் பிரிப்பது என் வேலை. உள்ளே தூளும் இரத்தமும் சேர்ந்து கறுப்பாக இறுகி, காயத்தின் ஓரம் எது, தூள் எது என்றே தெரியாது. ஈரக் கோஸால் துடைத்தால் மேலே உள்ளது மட்டும் வரும். பொடியாக உள்ளே போனது தசையின் மடிப்புக்குள் போய் உட்கார்ந்துகொள்ளும். அப்படியே தைத்தால் அந்நியப் பொருளை உள்ளே வைத்துத் தைத்த மாதிரிதான். உடம்பு அதை விடாது, கிருமிக்கும் ஒண்டிக்கொள்ள இடம் கிடைத்துவிடும். ஐந்தாறு நாளில் தையலைச் சுற்றிச் சிவந்து, வீங்கி, "தண்ணி பட்டிருச்சு மிஸ், அதான்" என்று திரும்பி வருவார்கள்.

இந்த நம்பிக்கையோடு சண்டை போடுவதுதான் என் உத்தியோகம் என்று நினைத்துக்கொண்டிருந்தேன். இப்போதும் போடுகிறேன். ஆனால் ஒரு அம்மா கேட்ட ஒரு கேள்விக்குப் பிறகு, சண்டையை எந்த இடத்திலிருந்து போடுவது என்பது மாறிப்போனது. அதைச் சொல்லத்தான் இந்தப் பதிவு. அதற்கு முன் கழுவுவது பற்றிக் கொஞ்சம் பேச வேண்டும், ஏனென்றால் ஆஸ்பத்திரிக்காரர்களான எங்களுக்கும் இதில் ஒரு மூடநம்பிக்கை உண்டு.

கலர் மருந்து

எங்கள் மூடநம்பிக்கை போத்தலில் வரும். பழுப்பு அயடின், ஊதா மருந்து, மஞ்சள் மருந்து, நுரைக்கிற பெரொக்சைட், எரிகிற ஸ்பிரிட். கலர் தெரிந்தால், எரிந்தால், நுரைத்தால்தான் நோயாளிக்குத் திருப்தி. உண்மையைச் சொன்னால் போடுகிற எங்களுக்கும் அப்படித்தான். பெரொக்சைட் நுரைப்பது அழுக்கு வெளியே வருவதால் அல்ல. இரத்தத்திலும் திசுவிலும் இருக்கிற ஒரு நொதி அதைத் தண்ணீராகவும் ஒட்சிசனாகவும் பிரிக்கிறது, அந்த ஒட்சிசன்தான் நுரை. சுத்தமான காயத்தில் ஊற்றினாலும் நுரைக்கும். செறிவான அயடினும் பெரொக்சைடும் கிருமியைக் கொல்லும்போது, காயத்தை மூட வருகிற நம்முடைய கலங்களையும் சேர்த்தே கொல்லும். காயத்தைச் சுற்றியுள்ள தோலுக்கு அயடின் பூசுங்கள், நல்லது. காயத்துக்குள் ஊற்றி ஊறவைப்பது வேறு கதை.

இது புதிதாகக் கண்டுபிடித்த விஷயமும் இல்லை. முதலாம் உலகப் போரில் பிரான்சின் புலோன் நகரத்தில், பின்னாளில் பெனிசிலின் கண்டுபிடித்த அலெக்சாண்டர் ஃபிளெமிங், அல்ம்ரொத் ரைட்டின் ஆய்வுகூடத்தில் வேலை செய்தார். குண்டுக் காயம் எப்போதும் சந்துபொந்தாகத்தான் இருக்கும். அதைக் காட்ட அவர் கண்ணாடிக் குழாயைச் சூடாக்கி, அங்கங்கே முள் முள்ளாக இழுத்துவிட்டு, ஒரு பொய்க் காயம் செய்தார். கிருமியுள்ள திரவத்தை அதில் நிரப்பி வைத்தார். பிறகு அதை ஊற்றிவிட்டு, அன்றைக்குப் பேர்போன கிருமிநாசினிகளை நிரப்பினார். அவற்றையும் ஊற்றிவிட்டுப் பார்த்தால், அந்த முள் நுனிகளுக்குள் கிருமி உயிரோடு இருந்தது. மருந்து அங்கே போய்ச் சேரவே இல்லை. ஃபிளெமிங்கும் ரைட்டும் காயத்தை உப்பு நீரால் கழுவச் சொன்னார்கள். அந்தக் காலத்துச் சத்திரசிகிச்சை நிபுணர்கள் பலர் கேட்கவில்லை. நூறு வருஷம் கழித்தும் எத்தனை பேர் கேட்கிறோம் என்பது தனிக் கேள்வி.

எவ்வளவு, எப்படி

கழுவுவது என்றால் நனைப்பது இல்லை. ஈரப் பஞ்சால் நாலு தடவை ஒற்றி எடுப்பது, அடிப்பிடித்த சட்டியை ஈரத் துணியால் துடைத்துக் கவிழ்த்து வைப்பது மாதிரி. பொதுவாகச் சொல்லப்படும் கணக்கு, காயத்தின் நீளத்தில் ஒவ்வொரு சென்ரிமீற்றருக்கும் 50 முதல் 100 மில்லிலீற்றர். ஐந்து சென்ரிமீற்றர் வெட்டு என்றால் கால் லீற்றரிலிருந்து அரை லீற்றர் வரை. அழுக்குக் காயம் என்றால் இன்னும் கூட. முதல் தடவை பார்க்கிறவர்களுக்கு "இவ்வளவா?" என்று இருக்கும்.

அடுத்தது விசை. சும்மா சாய்த்து ஊற்றினால் மேல் அழுக்குதான் போகும். சதுர அங்குலத்துக்கு 5 முதல் 8 இறாத்தல் அழுத்தம் இருந்தால் ஒட்டியிருக்கிற மண்ணும் கிருமியும் பெயரும் என்பார்கள். 35 மில்லி சிரிஞ்சில் 19 கேஜ் ஊசி மாட்டித் தள்ளினால் கிட்டத்தட்ட 8 வரும் என்று பாடப் புத்தகத்தில் இருக்கும். எங்களிடம் 35 மில்லி சிரிஞ்ச் எங்கே இருக்கிறது? 20 மில்லியில் கனுலாவின் பிளாஸ்டிக் குழாயை மட்டும் மாட்டிக்கொள்வோம், ஊசியை எடுத்துவிட்டு. சேலைன் (உப்பு நீர்) போத்தலின் மூடியில் ஊசியால் துளை போட்டு இரண்டு கையாலும் பிதுக்குவதும் உண்டு. கண்ணாடி போட்டுக்கொள்ளாமல் இதைச் செய்யாதீர்கள். இரத்தம் கலந்த தண்ணீர் எங்கே தெறிக்கும் என்று யாராலும் சொல்ல முடியாது.

விசையைப் பற்றி நிபுணர்களுக்குள்ளேயே சண்டை இருக்கிறது. எலும்பு உடைந்து தோலைக் கிழித்து வெளியே தெரிகிற காயங்களில், இந்தியா உட்படச் சில நாடுகளில் 2447 பேரை வைத்துச் செய்த ஒரு பெரிய ஆய்வு 2015இல் வந்தது. அழுத்தம் கூடக்குறைய இருந்ததால் பெரிய வித்தியாசம் இல்லை என்று அது சொன்னது. சவர்க்காரக் கரைசலால் கழுவியவர்களில் 14.8 சதவீதம் பேருக்கு மறுபடி சத்திரசிகிச்சை தேவைப்பட்டது, வெறும் சேலைனால் கழுவியவர்களில் 11.6 சதவீதம். மருந்துக் கடையில் விலை கூடின போத்தலைத்தான் கேட்டு வாங்கும் நம் ஆட்களுக்கு இதைச் சொல்லிப் பாருங்கள், நம்பமாட்டார்கள்.

ஒன்றை மட்டும் நான் அழுத்திச் சொல்கிறேன். விறைக்கிற ஊசியை முதலில் போடுங்கள், பிறகு கழுவுங்கள். வேலை நெருக்கத்தில் பல இடங்களில் இது தலைகீழாக நடக்கிறது. விறைக்காத காயத்தில் தண்ணீரைப் பீச்சினால் மனுஷன் காலை இழுப்பான், நமக்கும் மனசு வராது, "சரி, போதும்" என்று பாதியில் விட்டுவிடுவோம். விறைத்த காயத்தை மட்டும்தான் விரலால் விரித்து, மடிப்பைத் தூக்கி, அடிவரைக்கும் கழுவ முடியும். கவ்வாத்து வெட்டியவரின் காலில் அப்படி விரித்துக் கழுவும்போது, கறுப்பாகத் தெரிந்த இரத்தக் கட்டி கலைந்து, அதற்கு அடியிலிருந்து ஈர்க்குக் கனத்தில் ஒரு தேயிலைக் குச்சி மிதந்து வருவதைப் பார்த்தவர்களுக்கு, கழுவுவது ஏன் என்று அதற்கப்புறம் வகுப்பு எடுக்கத் தேவையில்லை.

குழாய்க்கு வந்த கௌரவம்

2022 பொருளாதார நெருக்கடி ஞாபகம் இருக்கும். பேராதனை போதனா வைத்தியசாலையிலேயே அந்த மார்ச் மாதத்தில் மருந்தில்லாமல் திட்டமிட்ட சத்திரசிகிச்சைகளை நிறுத்தினார்கள். பெரிய இடத்துக்கே அந்தக் கதி என்றால் எங்களைப் போன்ற இடங்களைப் பற்றிக் கேட்கவே வேண்டாம். கோஸை எண்ணி எடுத்தோம், சேலைனை உடம்புக்குள் ஏற்ற வேண்டியவர்களுக்காக ஒதுக்கினோம். காயத்துக்கு? சிங்க்கில் குழாய் இருந்தது.

குழாய்த் தண்ணீருக்கு ஆதாரம் இல்லாமல் இல்லை. அமெரிக்காவில் அவசரப் பிரிவுகளுக்கு வந்த 715 பேரைச் சேர்த்துச் செய்த ஆய்வு ஒன்று 2007இல் வெளியானது. தொடர்ந்து கவனிக்க முடிந்தவர்களில், குழாய் நீரால் கழுவியவர்களில் 4 சதவீதம் பேருக்கும், கிருமி நீக்கிய சேலைனால் கழுவியவர்களில் 3.3 சதவீதம் பேருக்கும் காயம் பழுத்தது. அந்த வித்தியாசம் கணக்கில் சேராத அளவுக்குச் சின்னது. இப்படியான ஆய்வுகளைத் திரட்டி அலசிய கொக்ரேன் தொகுப்பும் குழாய் நீரால் தொற்று கூடுகிறது என்பதற்குச் சான்று இல்லை என்றுதான் சொன்னது. எங்கள் ஆஸ்பத்திரிக் குழாயில் வருவது குளோரின் போட்ட நகரத்துத் தண்ணீர். காலை சிங்க் ஓரமாக நீட்டி, முதலில் கொஞ்ச நேரம் குழாயைத் திறந்து ஓடவிட்டு, பிறகு காயத்தைப் பிடித்துக் கழுவினோம். சேலைன் போத்தல் அரை லீற்றரில் முடிந்துபோகும், குழாய் முடியாது. அதனாலேயே முன்பைவிட நன்றாகக் கழுவினோம் என்று நினைக்கிறேன்.

அந்தச் சமயத்தில் கொழும்பிலிருந்து வந்திருந்த இளம் டொக்டர் ஒருவருக்கு இதில் பெரிய உற்சாகம். தைத்து முடித்து அனுப்பும் ஒவ்வொருவரிடமும், "இனிமேல் அடிபட்டால் தூள் எல்லாம் வேண்டாம். உடனே வீட்டுக் குழாயில் பிடித்துக் கழுவுங்க, பிறகு வாங்க" என்பார். நல்ல மனுஷன், தமிழும் நன்றாகப் பேசுவார்.

அந்த அம்மா கேட்டது

மஸ்கெலியாப் பக்கத்துத் தோட்டம் ஒன்றிலிருந்து, கவ்வாத்து வெட்டும்போது முழங்காலுக்குக் கீழே வெட்டிக்கொண்ட ஒரு தம்பியை அவருடைய அம்மா கூட்டிக்கொண்டு வந்திருந்தார். மழைக் காலம். டொக்டர் வழக்கம்போல் சொல்லிவிட்டு அடுத்த கட்டிலுக்குப் போய்விட்டார். அந்த அம்மா அவர் போகும்வரை பார்த்திருந்துவிட்டு என்னிடம் மெதுவாகக் கேட்டார்:

"ஏன் மிஸ், அந்தத் தண்ணிய நாங்க காய்ச்சாம குடிக்கவே பயப்படுறோம். மழை பேஞ்சா பீலிக் குழாயில தேத்தண்ணி கலர்ல வருது. மேல மாடு கட்டுறாங்க, அதுக்கு மேல கக்கூசு இருக்கு. இந்த மாசம் உரம் வேற போட்டாங்க. அத வெட்டுக்காயத்துல ஊத்தச் சொல்றாரே?"

எனக்குச் சட்டென்று பதில் வரவில்லை. அவர் அறியாமையில் பேசவில்லை. தண்ணீர் எங்கே ஊறுகிறது, எந்த வழியாக வருகிறது, வழியில் அதில் என்னென்ன விழுகிறது என்று மலையிலிருந்து லயம் வரைக்கும் அந்தக் கறுப்புப் பைப்பின் பாதை முழுக்க அவருக்குத் தெரியும். எங்களுக்கு எவருக்கும் தெரியாது. அமெரிக்க ஆய்வின் குழாயும் அவருடைய பீலியும் ஒன்றல்ல. அந்த ஆய்வில் ஊற்றியது குடிக்கத் தகுந்த தண்ணீர். அந்த ஒரு சொல்லை உருவிவிட்டு முடிவை மட்டும் மலைக்கு ஏற்றிக்கொண்டு வந்தால், அது ஆய்வு சொன்னதாகாது.

அதற்கப்புறம்தான் "காயத்துல தண்ணி படக்கூடாது" என்பதே எனக்கு வேறு மாதிரி கேட்டது. சுத்தம் செய்யாத ஊற்று நீரையும் ஓடை நீரையும் நம்பியே வாழ்ந்த சனம் தன் பிள்ளைகளின் காயங்களைப் பார்த்துப் பார்த்துச் சேர்த்த எச்சரிக்கையாகவும் அது இருக்கலாம். நன்னீரில் வாழ்கிற ஏரோமோனாஸ் என்ற கிருமி காயத்தில் ஏறினால் வேகமாகப் பரவும். மருத்துவத்துக்குப் பயன்படுத்துகிற அட்டையின் குடலிலும் அதே இனம் குடியிருக்கிறது, அதனால்தான் சத்திரசிகிச்சைக்கு அட்டை விடும் இடங்களில் கூடவே நுண்ணுயிர்க்கொல்லியும் கொடுக்கிறார்கள். அந்தப் பழைய எச்சரிக்கையில் பாதி சரி. மீதிப் பாதியில் தேயிலைத் தூள் வந்து உட்கார்ந்துகொண்டது.

அப்படியென்றால் ஆஸ்பத்திரிக்கு வரும்வரை கழுவாமல் இருக்கலாமா? அதுவும் முடியாது. அமெரிக்க இராணுவ ஆய்வாளர்கள் ஆடுகளில் காயம் செய்து, கிருமியை விட்டு, வெவ்வேறு நேரத்தில் கழுவிப் பார்த்த ஓர் ஆய்வும் 2007இல்தான் வந்தது. 3 மணி நேரத்தில் கழுவினால் கிருமி 70 சதவீதம் குறைந்தது. 6 மணி நேரத்தில் 52. 12 மணி நேரத்தில் 37 மட்டுமே. அதே தண்ணீர், அதே கை, நேரம் மட்டும்தான் வேறு. இங்கே மேல் டிவிஷனில் அடிபட்டவர் லொறியோ ஆட்டோவோ கிடைத்து, அந்த ரோட்டில் இறங்கி எங்களிடம் வந்து, வரிசையில் உட்கார்ந்து, கட்டுப் பிரிக்க எவ்வளவு நேரம் ஆகிறது என்று உங்களுக்கே தெரியும். 1990க்கு அழைத்தால் சுவசெரிய அம்புலன்ஸ் வரும், அது பெரிய கொடைதான், ஆனாலும் வண்டி ஏற முடிகிற இடத்துக்குத்தான் வரும். எங்கள் சனத்துக்குக் காயம் கழுவுகிற இடம் லயம்தான். ஆஸ்பத்திரி இரண்டாவது.

பதில் அந்த அம்மாவின் அடுப்பிலேயே இருந்தது. கொக்ரேன் தொகுப்பே அதைச் சொல்கிறது: குடிக்கத் தகுந்த குழாய் நீர் இல்லாத இடத்தில் கொதித்து ஆறிய நீரைப் பயன்படுத்தலாம் என்று. உங்கள் பிள்ளைக்குக் குடிக்கக் கொடுப்பீர்களா? கொடுப்பீர்கள் என்றால் காயத்தில் ஊற்றலாம். இப்போது நான் சொல்வது இவ்வளவுதான். நுவரெலியாவில், 1868 மீற்றர் உயரத்தில், தண்ணீர் 94 பாகைக்குக் கிட்டவே கொதித்துவிடும். அது கிருமிக்குப் போதும். தளதளவென்று ஒரு நிமிஷம் கொதித்தால் சரி, மூன்று நிமிஷம் விட்டாலும் நஷ்டமில்லை. உப்பெல்லாம் தேவையில்லை. அப்புறம், சோடாப் போத்தலைக் கொதிக்கவைக்கிற வேலையை யாரும் செய்யாதீர்கள். ஒருவர் பிளாஸ்டிக் போத்தலைத் தண்ணீரோடு சேர்த்து அடுப்பில் வைத்தார். தண்ணீர் ஆறிய பிறகுதான் போத்தலுக்குப் போக வேண்டும். மூடியில் சூடுபடுத்திய ஊசியால் ஒன்றிரண்டு துளை போட்டு அழுத்தினால் பீச்சும், அதுதான் ஏழையின் சிரிஞ்ச்.

இரத்தம் பாய்கிறது என்றால் முதலில் அழுத்திப் பிடியுங்கள், கழுவுவது பிறகு. குச்சியோ கம்பியோ குத்தி நிற்கிறது என்றால் உருவ வேண்டாம், எலும்பு தெரிந்தால் சுத்தத் துணியால் மூடிக்கொண்டு வந்துவிடுங்கள். தலையிலும் முகத்திலும் இரத்த ஓட்டம் அதிகம் என்பதால் சுத்தமான சின்ன வெட்டுகள் பெரும்பாலும் தாமாகவே சமாளித்துக்கொள்ளும், அதற்காகப் பயந்து வீறிட்டு அழுகிற பிள்ளையைப் பிடித்து அமுக்கிக் கழுவ வேண்டாம். எப்படிக் கழுவினாலும் ஏற்பூசிக்கு (ரெட்டனஸ் ஊசிக்கு) அது ஈடாகாது. கடைசி ஊசி எப்போது போட்டது என்பதைத் தெரிந்துகொண்டு வாருங்கள். அழுக்குக் காயம் என்றால் 5 வருஷம் தாண்டியிருந்தாலே திரும்பப் போடச் சொல்வோம்.

நாய்க்கடி மட்டும் தனி. அதில் எந்தத் தண்ணீர் என்று யோசிக்க நான் சொல்லமாட்டேன். விசர்நாய்க் கடியின் வைரஸைச் சுற்றியிருக்கிற கொழுப்பு உறையைச் சவர்க்காரம் கரைத்துவிடும். உலக சுகாதார நிறுவனம் சொல்வது 15 நிமிஷம், ஓடுகிற தண்ணீரில், சவர்க்காரம் போட்டு. பீலியில் என்றாலும் பரவாயில்லை, அங்கேயே ஆரம்பியுங்கள். மிளகாய்த் தூள் வேண்டாம், எலுமிச்சை வேண்டாம். பிறகு ஊசிக்கு அன்றைக்கே வாருங்கள்.

பெட்டிக்குள் இல்லாத பொருள்

தோட்டங்களில் முதலுதவிப் பெட்டி இருக்கிறது. திறந்து பாருங்கள்: பஞ்சு, பிளாஸ்டர், அயடின், கத்தரிக்கோல், சில இடங்களில் காலம் கடந்த களிம்பு. தண்ணீர் மட்டும் இருக்காது. எனக்குத் தெரிந்த ஒரு தோட்டத்தில் பாதுகாப்புப் பற்றிப் பேச என்னைக் கூப்பிட்டார்கள். காலையில் ஆட்களைக் கூட்டி வேலை பிரிக்கிற பெரட்டுக் களத்தில் கொதித்து ஆறிய தண்ணீர் இரண்டு போத்தல் வைக்கலாமே, தினமும் மாற்றினால் போதும் என்றேன். "யார் கொதிக்கவைக்கிறது, விறகு யார் கொடுக்கிறது?" என்று கணக்கப்பிள்ளை கேட்டார், நியாயமான கேள்விதான். பின்வரிசையில் இருந்த ஒரு கொழுந்து பறிக்கிற அக்காதான் வழி சொன்னார். பிள்ளைக் காம்பராவில் (தோட்டத்துப் பிள்ளைகளைப் பார்த்துக்கொள்கிற இடம்) குழந்தைகளுக்குப் பால் கரைக்கத் தினமும் காலையில் தண்ணீர் கொதிக்கிறதாம், கூட ஒரு கேத்தல் வைத்தால் ஆயிற்று.

பிள்ளைக் காம்பரா ஆயாவுக்குச் சம்மதம். விறகுக் கணக்கை எந்தப் புத்தகத்தில் எழுதுவது என்று ஒஃபிசில் இன்னும் பேசிக்கொண்டிருக்கிறார்கள். அதுவரைக்கும் அந்த அக்கா தன் வீட்டுத் தண்ணீரை ஒரு போத்தலில் ஊற்றி, கொழுந்துக் கூடையோடு மலைக்குக் கொண்டுபோகிறாராம். மத்தியானத்துக்குள் யாராவது குடித்துவிடுகிறார்கள் என்பதுதான் அவருடைய முறைப்பாடு. போத்தலில் "காயத்துக்கு" என்று எழுதி ஒட்டச் சொல்லியிருக்கிறேன்.